எங்கள் அண்ணனும் தேங்காய்க் களத்துப் பள்ளிக்கூடமும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. தலைத்திவசத்துக்கு வரும் உறவினர்கள், நண்பர்கள் கையில் கொடுக்க அவரைப் பற்றி நாலு பக்க நினைவு மலர் ஒன்று எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத உட்கார்ந்த அன்றே உறவில் மூத்த ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மணி, நல்லதை மட்டும் எழுதுங்க. அந்தக் கிடங்குச் சமாச்சாரமெல்லாம் எதுக்குங்க இப்போ?"

அக்கறையில் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அண்ணன் கடைசி மாதங்களில் என்னிடம் கேட்டுக்கொண்டது வேறு. "எனக்குன்னு மலரு கிலரு போட்டீங்கன்னா மயிலாளையும் எழுதிப்போடு கண்ணு. அவளை விட்டுப்போட்டு எழுதறதா இருந்தா ஒண்ணும் போட வேண்டாம்" என்றார். ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்கச் சங்கடமாக இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிணத்துக்கடவுக்கு மேற்கே உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். பொள்ளாச்சியில் கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் அப்பா காலமானார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அண்ணன். கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலை கிடைக்க இருந்தது. அதை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். கிணறு வற்றி, போர் போட்டு, அந்தப் போரும் வற்றி, பருத்தியும் கடலையும் போட்ட காட்டைத் தென்னந்தோப்பாக மாற்றினார். என்னைப் படிக்க வைத்து, சிங்காநல்லூரில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கோபக்காரர். ஆட்களிடம் சத்தம் போடுவார். காலையில் செய்தித்தாளை எடுத்தால் விளம்பரம் உட்பட ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

அப்போது எங்கள் தோட்டத்தில் ரங்கன் என்பவரும் அவர் மனைவி மயிலாளும் வேலையில் இருந்தார்கள். ஊருக்குக் கிழக்கே ஓடும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள காலனியில் அவர்கள் வீடு. எங்கள் பகுதியில் ஓடையைப் பள்ளம் என்போம். ஓர் ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டு மண்சுவர் சரிந்தது. சுவரை எடுத்துக் கட்டும்வரை எங்கள் கிடங்கில் படுத்துக்கொள்ளச் சொன்னவர் அண்ணன்.

தென்னையில் கூன்வண்டு விழுந்தால், மரத்தில் துளையிட்டு உள்ளே மாத்திரை வைத்து மண்ணால் அடைப்பார்கள். அந்த மாத்திரை டப்பா அதே கிடங்கின் பரணில் இருந்தது. அண்ணன் வாங்கி வந்து, பாதி பயன்படுத்தி, மூடியை இறுக்காமல் சும்மா வைத்துவிட்டு வந்த டப்பா. ஈரம் பட்டால் அந்த மாத்திரை விஷக்காற்றாக மாறும். ஓர் இரவு கூரை ஒழுகியது. ரங்கன் கொப்பரை ஏற்றிய லாரியோடு காங்கேயம் போயிருந்தார். மறுநாள் காலை பால் கறக்க மயிலாள் வரவில்லை என்று அண்ணி போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே அவர் வாந்தியெடுத்துக் கவிழ்ந்து கிடந்தார். பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

காவல் நிலையத்தில் அந்த டப்பாவை மேசைமேல் வைத்து, "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு சத்தமாப் படிங்க" என்று அதிகாரி சொன்னாராம். பல மொழிகளில் பொடி எழுத்தாக அச்சடித்ததில் தமிழும் இருந்தது. அண்ணன் படித்தார். ஈரம் படக்கூடாது. மனிதர்கள் தங்கும் இடத்தில் வைக்கக்கூடாது.

"வாங்குனப்போ படிக்கலீங்களா?"

"இல்லீங்க."

"படிச்ச மனுசன்தானுங்களே நீங்க?"

ஊர்ப் பெரியவர்கள் இரு பக்கமும் பேசினார்கள். அது விபத்து என்று முடிந்தது.

வெளியே வந்தபோது சுவரோரம் ரங்கன் நின்றிருந்தார். அந்த நாளில் காலனிக்காரர்கள் எங்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் அவர்களை, எத்தனை மூத்தவராக இருந்தாலும், நீ என்போம்.

"சாமி, உள்ள என்னமோ படிச்சீங்களே. அது என்னங்க?" என்று கேட்டார்.

கூட வந்த பெரியவர் ஒருவர் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து, "வாப்பா, போலாம்" என்றார். அண்ணன் நகரவில்லை.

"மனுசன் படுக்கற எடத்துல இதை வெக்கக்கூடாதுன்னு போட்டிருக்குது ரங்கா."

"அது எப்ப இருந்துங்க அதுல போட்டிருக்குது?"

"நான் வாங்குனப்பவே போட்டிருந்துச்சு."

அன்று சாயங்காலம் மயிலாளை எடுத்துக்கொண்டு போனார்கள். காலனியிலிருந்து அவர்கள் சுடுகாட்டுக்குப் போகப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். தண்ணீர் நெஞ்சளவு ஓடியது. பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒருவர் இடுப்பில் ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அண்ணன் இந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கன் அதன்பிறகு எங்கள் தோட்டத்து வேலைக்கு வரவில்லை.

அந்த வருடம் முழுவதும் அண்ணன் செய்தித்தாளைத் தொடவில்லை என்று அண்ணி சொல்வார்கள். பிறகு ஒரு நாள், தோட்டத்தில் இருந்த மருந்து டப்பாக்களை எல்லாம் தேங்காய் காயப்போடும் களத்தில் வரிசையாக வைத்து, ஆட்களை உட்கார வைத்து, ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். களையெடுக்க வந்திருந்த ஜோதிமணி என்ற பெண் மட்டும் எழுந்து கேட்டார்.

"நீங்க படிச்சுச் சொல்றது சரீங்க சாமி. நீங்க இல்லாத அன்னைக்கு நாங்க என்னங்க பண்றது?"

களத்துப் பள்ளிக்கூடம் அந்தக் கேள்வியில் தொடங்கியது. மேற்கூரையாகத் தகரம், ஒரு டியூப்லைட், சுவரில் கரி பூசிய பலகை. வேலை முடிந்து, சோறாக்கி வைத்துவிட்டுத்தான் பெண்கள் வர முடியும். ஆண்கள் முதலில் வரவே இல்லை. அண்ணன் எங்கிருந்தோ பாடப்புத்தகம் வாங்கி வந்து அ, ஆ என்று ஆரம்பித்தார். நாலைந்து வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஜோதிமணியிடம் காரணம் கேட்டிருக்கிறார். "அணிலும் ஆடும் எங்களுக்குத் தெரியாதுங்களா? பஸ் போர்டு படிக்கறதுக்குச் சொல்லிக் குடுங்க. உக்கடம் போற பஸ்ஸுன்னு ஏறிப் பொள்ளாச்சியில போய் எறங்கறோம்" என்றாராம். அதன்பிறகு பலகையில் ஊர்ப்பேர்களும், மருந்துப்பேர்களும், அவரவர் பெயர்களும் வந்தன.

இதற்கெல்லாம் உறவில் யாரும் பெரிதாக எதிர்ப்புச் சொல்லவில்லை. இவனுக்கு என்னமோ ஆகிவிட்டது, தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டார்கள். கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. அண்ணன் காலனிக்காரர்களை வாங்க, உட்காருங்க என்று பேச ஆரம்பித்தார். பிள்ளை பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லி, நீ வா, எழுது என்று சொல்ல வாய் வரவில்லை என்றார். நாம் நாய்க்குட்டியைக் கூட மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர்க்காரர்கள். ஆனால் அந்த ஒரு 'ங்க' தோட்டத்து வேலியைத் தாண்டி எங்கே போகக்கூடாதோ அங்கே போய்விட்டது என்று பங்காளிகள் வீட்டில் கூடிப் பேசினார்கள். "எழுத்துச் சொல்லிக் குடு, வேண்டாங்கல. 'ங்க' போட்டுப் பேசாதே. நாளைக்கு எங்க ஆளுக எங்ககிட்டயும் அதே மாதிரி எதிர்பாப்பாங்க" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

எழுத்து ஓரளவு வந்ததும் மறுபடியும் ஆள் குறைந்தது. "பேரெழுதத் தெரிஞ்சுபோச்சுங்க. இனி இதை வெச்சு என்ன பண்றதுங்க?" என்று பெண்கள் கேட்டார்கள். பயன்படாத எழுத்து ஆறே மாதத்தில் மறந்துபோகும் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று பலகையை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். அவர்கள் எழுதிய முதல் சொல், சுடுகாட்டுப் பாதை.

அந்தப் பாதைதான் பிறகு அவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆனது. மனு எழுதினார்கள், தப்பும் தவறுமாக, அவர்கள் கையால். கிராமசபையில் எழுந்து பேசுவதற்குக் களத்தில் ஒருவரை ஒருவர் எதிரில் நிறுத்திப் பழகினார்கள். பள்ளத்தின் அகலத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். சங்கம் ஒன்று சேர்த்து, தலைவியாக ஜோதிமணியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தடவை கோயமுத்தூருக்கு அதிகாரியைப் பார்க்கப் போனபோது அண்ணனும் உடன் போனார். அதிகாரி அண்ணனிடம் மட்டுமே பேசினார், பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அடுத்த தடவை அண்ணன் பஸ்ஸில் உடன் வந்து, எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை உள்ளே காக்க வைத்து, நாளை வா என்று அனுப்பிவிட்டார்கள். அன்று அவர் என் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது எனக்கே ஆத்திரமாக இருந்தது.

"ஏன்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை மணியில முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும் கண்ணு. மறுக்கா ஒரு வேலைக்கு மறுக்கா நான் போகணும். அவங்க அந்தப் படியேறிப் பழகட்டும். திட்டு வாங்கியாவது பழகட்டும்."

பல வருடம் அலைந்தார்கள். இடையில் ஜோதிமணியின் வீட்டுக்காரர், ஊர் சுற்றப் போகிறாள் என்று அவரை அடித்துக் கையை முறித்தார். கட்டுப் போட்ட கையோடு அவர் களத்துக்கு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு பெண்கள் பயந்து நின்றுவிட்டார்கள். இன்னொரு பெண், தன் வீட்டில் நடந்த சண்டையில் தீக்குளித்து இறந்தார். அதற்கும் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று பேசினார்கள். அண்ணன் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது கல்லெறிந்தார்கள். நெற்றியில் பட்ட காயத்தோடு திரும்பி வந்து, "அவங்க சொல்றதுல பாதி நெசம் இருக்கும்" என்றார். ஒரு வாரம் களத்து விளக்கைப் போடவில்லை. பிறகு ஜோதிமணியே வந்து போட்டார்.

மருந்தடிக்கும் ஆண்கள் அதன்பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். டப்பாவில் எழுதியிருப்பதைத் தாங்களே படித்துவிட்டு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தடிக்க மாட்டோம் என்று நின்றார்கள். முதலில் நின்றது எங்கள் தோட்டத்தில். அண்ணன் வாங்கிக் கொடுத்தார். அடுத்து எங்கள் பங்காளிகள் தோட்டங்களில் நின்றார்கள். அந்த ஆண்டு வெள்ளை ஈ விழுந்து தோப்பெல்லாம் கருகிக்கொண்டிருந்த நேரம். நஷ்டம் உண்மையான நஷ்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த தண்டனை முழுவதும் அண்ணன் வீட்டுக்கு வந்தது. குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அவரை அழைக்கவில்லை. வீடு தேடி வந்து தாம்பூலம் வைக்க வேண்டியவர்கள் வழியை மாற்றிக்கொண்டு போனார்கள். அவர் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நிச்சயத்துக்கு முன்பே நின்றது. "உங்க ஊட்டுல எல்லாரும் வந்து உக்காருவாங்களாமே" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அன்றுதான் அண்ணி முதல்முறையாக அண்ணனிடம் உரக்கப் பேசினார்கள்.

"செத்தவளுக்கு நீங்க செய்யறது சரி. உசுரோட இருக்கற எம் பொண்ணுக்கு ஆருங்க செய்வாங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மகளிடம் போய் அவர் மன்னிப்புக் கேட்டதை அவளே என்னிடம் சொன்னாள். அவள் பின்னால் வேறு ஊரில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்குச் சொந்தத்தில் வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம்.

பாதை வந்தது. பள்ளத்தின் மேல் சிறிய பாலமும் வந்தது. திறப்பு என்று ஒன்றும் வைக்கவில்லை. பாலம் முடிந்த மாதத்தில் காலனியில் இறந்துபோன ஒரு பெரியவரை நனையாமல் தூக்கிப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை.

ரங்கனைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. ஒவ்வொரு வருடமும் அண்ணன் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு அழைப்பார். ஒவ்வொரு வருடமும் அவர் மறுப்பார். ஒரு தடவை காரணமும் சொல்லியிருக்கிறார். "ஆருக்கு வேணும்னாலும் சொல்லிக் குடுங்க. எனக்கு வேண்டாங்க. எழுத்தைக் கண்டாலே அந்த டப்பா நெனப்புத்தான் வருது." அதன்பிறகும் அண்ணன் போனார். மறுப்பைக் கேட்பதற்காகவே போனார் என்று அண்ணி சொல்வார்கள்.

கடைசி ஆண்டுகளில் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. ரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் பல நாள் கோயமுத்தூர் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். தோப்பும் வாடல் நோயில் பாதி போயிருந்தது. காலனிப் பிள்ளைகள் கம்பெனி வண்டி ஏறி மில்லுக்கும் ஒர்க்ஷாப்புக்கும் போனார்கள். களத்தில் பெண்கள் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்து நார் மில்லில் வேலைக்கு வந்த வடநாட்டு ஆட்களை ஜோதிமணி அழைத்து வந்து உட்கார வைத்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. அபாயம், நெருப்பு, தொடாதே, வெளியே போகும் வழி, இப்படி ஆரம்பித்தார். அண்ணன் கட்டிலில் படுத்தபடி சன்னல் வழியாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லிக் கொடுப்பதில் அவர் தலையிடவில்லை.

இனி மருத்துவமனை வேண்டாம் என்று அண்ணனே சொல்லி வீட்டுக்கு வந்த வாரத்தில், ரங்கன் வந்தார். அன்று அண்ணனுக்கு முகம் கழுவி நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு நான் கட்டிலருகே இருந்தேன். ரங்கனுக்கும் வயதாகிவிட்டது. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க ரங்கா, உக்காருங்க" என்றார் அண்ணன். குரல் எழும்பவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்.

"இருக்கட்டுங்க" என்றார். பிறகு ரங்கன் சொன்னார்.

"அன்னைக்கு டேசன்ல அந்த டப்பாவுல இருந்ததைக் கேட்டேன். நீங்க மறைச்சிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது. மறைக்காமச் சொன்னீங்க. அதுக்காக ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க. மத்ததுக்கு வரலீங்க."

"சரிங்க" என்றார் அண்ணன்.

"மத்ததை மன்னிக்கறதுக்கு எனக்கு ஆவலீங்க."

"சரிங்க ரங்கா."

அவர் போய்விட்டார். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தோளைத் தொட்டபோது, "உடு கண்ணு, அவரு சொன்னது சரி" என்றார். அடுத்த சில நாளில் அடங்கிவிட்டார்.

அண்ணன் போன அன்று நடந்ததையும் எழுதியாக வேண்டும். அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தோம். காலனியிலிருந்து பெண்களும் ஆண்களும் மாலையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அண்ணி எழுந்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றார்கள். பெரியவர் ஒருவர், "ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குதம்மணி" என்றார். அண்ணி அதுவரை அழுதுகொண்டிருந்தவர்கள். "வழக்கம் எனக்கும் தெரியுமுங்க மாமா. இவங்க பாக்காம நான் எடுக்க விடமாட்டேன்" என்றார்கள். சிலர் எழுந்து போனார்கள். ஜோதிமணியும் மற்றவர்களும் உள்ளே வந்து, மாலை போட்டு, காலைத் தொட்டு அழுதார்கள். ஆனால் சுடுகாட்டில் காலனி ஆண்களை எல்லைக்கல்லுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தீ வைத்து முடியும்வரை அவர்கள் அங்கேயே நின்றார்களாம். அண்ணன் அத்தனை வருடம் பாடுபட்டதில் எதுவரை வந்தோம், எது வரவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனைத் தம் தகப்பனைப் போல் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், நேரம் பாராமல் வண்டி ஓட்டி வந்த காலனித் தம்பிகளுக்கும், வெளியூரிலிருந்து ஓடிவந்த மகளுக்கும் மருமகனுக்கும், பகையை மறந்து துக்கத்துக்கு வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வராதவர்களிடமும் எங்களுக்கு வருத்தமில்லை. களத்துப் பள்ளிக்கூடத்தைச் சங்கத்தின் பொறுப்பில் ஜோதிமணி அவர்கள் நடத்தி வருகிறார்கள். களத்தை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் அண்ணியின் விருப்பப்படி இந்த மலரில் ஒன்று ரங்கன் அவர்களுக்கும் போகிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஜோதிமணி அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாமல் திரும்பி வந்துவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.